பழைய இராணுவ வானொலிகளுக்கு மறுவாழ்வு

இரண்டாம் உலக யுத்தத்தின்போதும், பின்னர் மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போதும், போர்வீரர்கள் முதுகில் சுமந்தும் கையில் தூக்கியும் சென்ற வானொலிக் கருவிகள் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன. பழம்பொருள் கடைகளிலும், வீட்டுப் பரண்களிலும், அயல்நாடுகளில் இராணுவத்தின் உபரிப் பொருள்களை விற்கும் சந்தைகளிலும் அவை கிடைக்கின்றன. பச்சை வண்ணம் பூசிய அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்கி வந்து, விசையைத் திருப்பிப் பார்த்து, ஓசை எழாமையால் கெட்டுப்போயிற்று என்று மூலையில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. உண்மையில் அவற்றுள் பல கெட்டுப்போனவை அல்ல. அவற்றை இயக்குவதற்கென்று அந்நாளில் செய்யப்பட்ட பாட்டரிகள் இன்று கடைகளில் இல்லை என்பதே முதற்குறை.

அக்குறையை நீக்கி, பழங்கருவியை மீண்டும் பேச வைப்பது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு இதற்கு வசதியான இடம். கோலாலம்பூரில் பூடு வட்டாரத்து ஜாலான் பாசார், மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு. சீபீல்டு தோட்டத்து நிலத்தில் 1976 முதல் எழுந்த சுபாங் ஜெயாவிலிருந்து அத்தெருவுக்குப் போய்வர அரை நாள் போதும். தோட்டம் மறைந்து நகரமாகிவிட்ட அவ்விடத்தில், வீட்டு மேசை ஒன்றின்மீது இவ்வேலையை வசதியாகச் செய்யலாம்.

ஆயினும் பொழுதுபோக்கு என்பதால் இதனை விளையாட்டாகக் கருதிவிடலாகாது. உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் இதில் உண்டு. சட்டத்தின் எல்லை உண்டு. ஒருமுறை பாழாக்கினால் மீளாத பழம்பொருளும் நம் கையில் இருக்கிறது. ஆகவே, இக்கருவிகள் எவ்வாறு இயங்கின, இன்று அவற்றுக்கு எவ்வாறு மின்விசை ஊட்டலாம், எவற்றைச் செய்யக்கூடாது என்பவற்றை முறையே காண்போம்.

காட்டுக்குள் கம்பியில்லாத் தந்தி

வானொலிக் கருவி எவ்வளவு சிறந்ததாயினும் மின்விசை கிடைக்காவிட்டால் அது வெறும் பாரமே. இதனை மலாயாக் காடுகள் நன்கு உணர்த்தின. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 மே மாதம், ஜான் டேவிஸ் என்னும் ஆங்கில அதிகாரி நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். 'படை 136' எனப்பட்ட இரகசியப் படையைச் சேர்ந்தவர் அவர். லிம் போ செங் முதலியோரும் பின்னர் வந்து சேர்ந்தனர். வானொலிக் கருவிகளும் கொண்டுவரப்பட்டன. ஆனால் கனத்த கருவியையும் அதற்கு மின்விசை தரும் பொருள்களையும் எதிரியின் காவலைக் கடந்து மலைமேல் இருந்த முகாமுக்குக் கொண்டுபோவது எளிதாக இல்லை. இலங்கையில் இருந்த தலைமையகத்துடன் அவர்களுக்கு வானொலித் தொடர்பு ஏற்பட்டது 1945 பிப்ரவரியில்தான். அதற்குள் லிம் போ செங் எதிரியிடம் பிடிபட்டு, 1944 ஜூன் மாதம் பத்து காஜா சிறையில் உயிர் நீத்திருந்தார்.

இத்தகைய இரகசியப் படையினர் கையாண்டவற்றுள் புகழ்பெற்றது 'பி2' என்னும் கருவி. ஜான் பிரௌன் என்பவர் வடிவமைத்தது. சாதாரணப் பயணப் பெட்டிக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்கது. 3 முதல் 16 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகளில், ஏறத்தாழ 20 வாட் வலிமையுடன் மோர்ஸ் குறிகளை அனுப்ப வல்லது. வீட்டு மின்சாரம் உள்ள இடத்தில் அதனைக் கொண்டும், இல்லாத இடத்தில் 6 வோல்ட் மோட்டார் பாட்டரியைக் கொண்டும் இயங்கும். செய்தி அனுப்புவோன் எங்கே ஒளிந்திருப்பான் என்று முன்கூட்டி அறிய முடியாது. ஆதலால், எந்த மின்விசை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அதனைச் செய்தனர்.

அவசரகாலத்தில் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. அடர்ந்த காட்டில் மரமும் இலையும் ஈரமும் தரையை ஒட்டிச் செல்லும் அலையை விழுங்கிவிடும். குறுந்தூரக் கைக்கருவிகள் அங்கே சிறிது தொலைவிலேயே வாயடைத்துப் போயின. ஆகவே 2 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் இயங்கும் கருவிகளையே படைகள் நம்பின. ஏரியல் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை பெரும்பாலும் மேல்நோக்கிச் செல்லும். வானில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு அது கீழே திரும்பும். மலையும் காடும் அதற்குத் தடையாவதில்லை. ஆஸ்திரேலியாவில் உருவான ஏ510 என்னும் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. அனுப்பும் பகுதியும் வாங்கும் பகுதியும் தனித்தனிப் பைகளில் அடங்கும். உலர் பாட்டரியில் இயங்கும் அக்கருவி காட்டுப் படையினருக்குப் பெருந்துணையாயிற்று.

மூன்று வகை மின்விசை

இக்காலத்துக் கைத்தொலைபேசிக்கு ஒரே ஒரு பாட்டரி போதும். பழைய வால்வு வானொலிக்கோ இரண்டு அல்லது மூன்று வகை மின்விசை வேண்டும். ஏன் என்பதை அறிந்துகொண்டால் இத்துறையின் பாதி விளங்கிவிடும்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதனுள்ளே மெல்லிய இழை ஒன்றும், அதனைச் சூழ்ந்து கம்பி வலையும், வெளியே தகடும் இருக்கும். இழை சூடேறினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். அடுப்பில் வைத்த நீர் கொதித்தால் ஆவி எழுவதைப் போன்றது இது. எழுந்த எலெக்ட்ரான்களைத் தகடு தன்பால் இழுக்க வேண்டும். அதற்குத் தகட்டில் உயர்ந்த மின்னழுத்தம் தேவை. இடையில் உள்ள வலை, அவ்வோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டுப்படுத்தும். ஆகவே இழையைச் சூடாக்கக் குறைந்த அழுத்தமுள்ள ஒரு பாட்டரி, தகட்டுக்கு உயர்ந்த அழுத்தமுள்ள ஒரு பாட்டரி, சில கருவிகளில் வலைக்கு மற்றொன்று எனப் பிரிவுகள் ஏற்பட்டன. முதலாவதை ஏ பாட்டரி என்றும், இரண்டாவதை பி பாட்டரி என்றும், மூன்றாவதை சி பாட்டரி என்றும் வழங்கினர்.

யுத்தகாலத்தில் கையடக்கக் கருவிகள் தோன்றக் காரணமானவை சுண்டுவிரல் அளவுள்ள சிறிய வால்வுகள். 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4 என்பன அவற்றின் பெயர்கள். இவற்றின் இழைக்கு 1.4 வோல்ட் போதும். முதல் மூன்றும் தலைக்கு 50 மில்லி ஆம்பியரும், கடைசி வால்வு 100 மில்லி ஆம்பியரும் உண்ணும். நான்கிற்கும் சேர்த்து 250 மில்லி ஆம்பியர். தகட்டுக்கு 90 வோல்ட் கொடுத்தால் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் அளவே செல்லும்.

அமெரிக்காவில் கால்வின் தொழிற்சாலை 1941 முதல் செய்த பிசி-611 என்னும் கைக்கருவியில் இவ்வினத்தைச் சேர்ந்த ஐந்து வால்வுகள் இருந்தன. பிற்காலத்தில் மோட்டோரோலா எனப் பெயர் மாறிய நிறுவனம் அதுவே. அதன் தகட்டுப் பாட்டரியின் அழுத்தம் 103.5 வோல்ட். இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் தரும் 69 சிறு மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் கிடைப்பது அது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற்றும் இழையும் வேண்டாம், உயர்ந்த அழுத்தமும் வேண்டாம். கருவிகள் டிரான்சிஸ்டருக்கு மாற மாற, 90 வோல்ட் பாட்டரிக்கு வாங்குவோர் குறைந்தனர். உற்பத்தியும் நின்றது. நல்ல நிலையில் இருந்த கருவிகளும் ஊமையாயின.

மின்விசை ஊட்டும் வழிகள்

முதல் வழி மிக எளியது. கடைகளில் விற்கும் 9 வோல்ட் சதுரப் பாட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 1.5 வோல்ட் மின்கலங்கள் ஆறு இருக்கும். அத்தகைய பாட்டரி பத்தைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட். பழைய 90 வோல்ட் பாட்டரியில் இருந்ததும் இதே அறுபது மின்கலங்கள்தாம். பிசி-611 கருவிக்குப் பதினொன்று இணைத்து 99 வோல்ட்டோ, பன்னிரண்டு இணைத்து 108 வோல்ட்டோ கொடுப்பது வழக்கம். இழைக்கு, டார்ச் விளக்கில் இடும் பெரிய 'டி' அளவு பாட்டரி ஒன்று போதும். 9 வோல்ட் ஆல்கலைன் பாட்டரி ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். நான்கு வால்வு வானொலியை அது முப்பது மணி நேரம் அளவில் இயக்கும். 'டி' பாட்டரி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தீர்வதால் கணக்கும் பொருந்தி வருகிறது.

இரண்டாவது வழி, குறைந்த அழுத்தத்தை உயர்த்தித் தரும் சிறு மின்னணுச் சுற்று. உள்ளங்கையில் அடங்கும் பலகை ஒன்று 12 வோல்ட்டை 90 வோல்ட்டாக மாற்றிவிடும். பாட்டரிச் செலவு மிச்சம். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அச்சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி இணைத்தே அழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த வெட்டுதலே ஒரு வானொலி இரைச்சலாகக் கருவிக்குள் புகும். தகரப் பெட்டிக்குள் அதனை அடைத்து, வெளிவரும் கம்பிகளில் வடிகட்டியும் அமைத்தாலன்றி, மெல்லிய குரல்கள் இரைச்சலில் மூழ்கிவிடும்.

மூன்றாவது வகை, வாகனத்தில் பொருத்திய கனத்த கருவிகளுக்கு உரியது. 19ஆம் எண் கருவி இதற்கு எடுத்துக்காட்டு. நேசநாடான ரஷ்யாவுக்கும் அனுப்பப்பட்டதால், இதன் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் பொறித்த கருவிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 12 வோல்ட் மோட்டார் பாட்டரியில் சுழலும் சிறு ஜெனரேட்டர் ஒன்று இதற்கு உயர்ந்த அழுத்தத்தைத் தந்தது. மோட்டார் பாட்டரி இன்றும் கிடைப்பதால் இங்கே சிக்கல் குறைவு. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலங்கள் நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட் வருகிறது. பாரமும் குறைகிறது.

எவ்வழியை மேற்கொண்டாலும் ஒரு நெறியைக் கைவிடலாகாது. கருவியின் உடலில் துளையிடுவதோ, பழைய செருகிகளை அறுத்தெறிவதோ வேண்டாம். பழைய பாட்டரியின் அளவிலேயே ஒரு பெட்டி செய்து, அதனுள் புதிய மின்கலங்களை வைத்து, பழைய செருகிக்குப் பொருந்தும் முனையை அமைத்துக்கொள்வதே சிறந்த முறை. நாளை வேறொருவர் கைக்கு அக்கருவி போகும்போது, அது முதலில் இருந்த வடிவிலேயே இருக்க வேண்டும்.

அவசரம் ஆகாது

புதிய பாட்டரியைக் கண்டதும் விசையைத் திருப்பிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலே பல கருவிகளை அழித்திருக்கிறது.

முதலாவதாக, கருவியின் சுற்றுப்படத்தைத் தேடிப் பெறவேண்டும். சில கருவிகளில் வால்வு இழைகள் பக்க இணைப்பில் இருக்கும், அவற்றுக்கு 1.5 வோல்ட் போதும். சிலவற்றில் அவை தொடராக இணைந்து 4.5 வோல்ட்டோ அதற்கு மேலோ கேட்கும். பெட்டியின் தோற்றத்தைப் பார்த்து இதனைச் சொல்ல முடியாது. இழைக்குரிய முனையில் 90 வோல்ட் தவறிப் பட்டுவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் அத்தனை வால்வும் எரிந்துபோகும். கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற லித்தியம் மின்கலத்தின் 3.7 வோல்ட்டும் 1.4 வோல்ட் இழைக்கு எமனே. இவ்வால்வுகளுள் பெரும்பாலானவை பழைய இருப்பிலிருந்தே வருகின்றன. இருப்பு நாளுக்கு நாள் குறைகிறது.

இரண்டாவதாக, மின்தேக்கிகளைச் சோதிக்க வேண்டும். கடைக்காரர் கண்டென்சர் என்பது இதனைத்தான். பழைய காகித மின்தேக்கி நம் நாட்டு ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி, மின்சாரத்தைக் கசியவிடும். கசிவு கடைசி வால்வின் வலையை எட்டினால் அவ்வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கெடும். ஐயத்துக்குரியவற்றை நீக்கிப் புதியன இடுவதும், நீக்கியவற்றைத் தூர எறியாமல் உறையிலிட்டுக் கருவியோடு வைப்பதும் நல்ல பழக்கம். பின்னர் 45 வோல்ட் மட்டும் கொடுத்து, மீட்டரில் மின்னோட்டத்தைக் கவனித்து, ஒழுங்காக இருந்தால் 90 வோல்ட்டுக்கு உயர்த்தலாம். தகட்டு மின்கம்பியில் சிறு பியூஸ் ஒன்றையும் சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, உடல்நலம். வெப்ப நாடுகளுக்கென்று அனுப்பிய கருவிகளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க நச்சுச் சேர்த்த வார்னிஷ் பூசினர். பாதரசச் சேர்மம் கலந்த வகையும் அதில் உண்டு. பற்றவைக்கும் இரும்பால் அதனைச் சுட்டு எழும் புகையை முகர்வது தீது. இருளில் ஒளிரும் முள்ளும் எண்ணும் உள்ள கருவிகளில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும். அதனைச் சுரண்டவே கூடாது. 90 வோல்ட் நேர் மின்சாரம் ஈரக் கையில் பட்டால் கடுமையாகத் தாக்கும். பி2 போன்ற அனுப்பும் கருவியில் 500 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் உண்டு. விசையை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கும். வீட்டு மின்சாரத்திலிருந்து விசை எடுப்பவர், இடையே டிரான்ஸ்பார்மர் வைத்து மின்கம்பத் தொடர்பைப் பிரிக்காமல் வேலை செய்தால் உயிருக்கே ஆபத்து. பள்ளி மாணவர்கள் அனுபவமுள்ள பெரியவர் உடனிருக்கவே இதில் கைவைக்க வேண்டும்.

கேட்பது வேறு, பேசுவது வேறு

மின்விசை வந்து கருவி உயிர்பெற்றபின் அடுத்த கேள்வி எழுகிறது. இதில் பேசலாமா? பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதே விடை. ஜப்பானியர் காலத்தில், பேராக்கின் பாப்பான் சிற்றூரில் இருந்த சிபில் கார்த்திகேசு, பி.பி.சி. செய்தியை இரகசியமாகக் கேட்டதும் அவருக்கு நேர்ந்த கொடுமைகளுக்கு ஒரு காரணமாயிற்று. அந்நாட்கள் போய்விட்டன. இன்று பொது ஒலிபரப்பைக் கேட்பவரை எவரும் தடுப்பதில்லை. வானலையில் ஒன்றை அனுப்புவதற்கோ, 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி அனுமதி வேண்டும். அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறியவர்களுக்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதனை வழங்குகிறது. தீபகற்ப மலேசியாவில் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறி அவர்களுக்கு உண்டு. அயல்நாட்டிலிருந்து கருவி தருவிப்போரும் விதிகளை முன்னதாகவே ஆணையத்திடம் கேட்டறிவது நலம்.

அனுமதி பெற்றவரும் எல்லாக் கருவியிலும் பேசிவிட முடியாது. அமெச்சூர்களுக்கு உரிய சிற்றலைப் பகுதிகளுள் ஒன்று 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆங்கிலப் படையின் 18ஆம் எண் கருவி 6 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரை செல்வதால் அப்பகுதி அதில் அடங்குகிறது. 38ஆம் எண் கருவியோ 7.4 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதில் சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்கலாமேயன்றிப் பேச வழியில்லை. முதுகில் சுமக்கும் 'வாக்கி டாக்கி' எனப் பெயர்பெற்ற எஸ்சிஆர்-300 கருவி 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. அதுவும் அமெச்சூர் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பிசி-611 கருவியில் 3.5 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குரிய படிகத்தை இட்டால் அமெச்சூர் எல்லைக்குள் கொண்டுவரலாம். வாங்குமுன் இக்கணக்கைப் பார்ப்பவர் பின்னர் ஏமாற மாட்டார்.

சுபாங் ஜெயாவின் வானம்

வரிசை வீடுகள் நெருங்கிய சுபாங் ஜெயா போன்ற நகரில் உயர்ந்த ஏரியல் கோபுரம் நட இடமில்லை. ஆனால் காட்டில் கற்ற பாடம் இங்கே உதவுகிறது. தாழக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அலை, வானில் பட்டுத் திரும்பி, ஈப்போவிலும் குவாந்தானிலும் இறங்கும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸும், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸும் இதற்கு ஏற்றவை. அமெச்சூர் ஒருவர் வேலியோரம் கட்டிய கம்பி, அவசரகாலத்தில் படைவீரன் மரக்கிளையில் எறிந்த கம்பியின் வேலையையே செய்கிறது.

காட்டில் இல்லாத ஒரு தொல்லை நகரில் உண்டு. எல்.இ.டி. விளக்கு, கைத்தொலைபேசி மின்னேற்றி, தொலைக்காட்சி யாவும் சிற்றலையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. பாட்டரியில் இயங்கும் இராணுவ வானொலிக்கு இங்கே ஒரு நன்மை இருக்கிறது. அதனை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு விலகிப் பூங்காவுக்கோ கடற்கரைக்கோ போய்விடலாம். போகுமிடத்தில் வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் இடி முழங்கும் வட்டாரம் இது. பிற்பகலில் மேகம் கறுத்தால், ஏரியலைக் கழற்றிவிட்டுக் கருவியை மூடிவைப்பதே அறிவுடைமை.

இப்பொழுதுபோக்கினால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். இன்றைய கைத்தொலைபேசியைத் திறந்தால் மின்சாரம் செல்லும் வழியைக் கண்ணால் காண முடியாது. பழைய இராணுவ வானொலியில் ஒவ்வொரு கம்பியும் தெரியும். ஒவ்வொரு வால்வும் தன் வேலையைச் சொல்லும். ஓம் விதியைக் கரும்பலகையில் படித்த மாணவன், அதனை மீட்டர் முள்ளில் கண்டு தெளியலாம். பாட்டரிப் பெட்டி ஒன்றைத் தானே கணக்கிட்டுச் செய்து முடித்தவனுக்கு, தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் மறக்கப் போவதில்லை. இவ்வறிவைக் கையோடு பெற்றவர்கள் முதுமை அடைந்து வருகின்றனர். கருவியைக் காப்பதோடு நில்லாமல், அதனைப் பழுது பார்க்கும் அறிவையும் இளைஞருக்குக் கற்றுக்கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டுப் பரணில் அத்தகைய பெட்டி ஒன்று கிடப்பதை அறிந்தவர், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் அமெச்சூர் வானொலியில் பழகிய ஒருவரிடம் அதனைக் காட்டுவாராக.